எப்சிபா இழைத்த பலகை

துபாயில் வீட்டு நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. சொந்தக் கையால் கடலலையில் சறுக்கிவரும் ஓர் அலைப்பலகையை இழைத்து அதன் மேல் நின்று வந்தவள் எப்சிபா ஒருத்திதான்.

குமரிக் கடற்கரைக்காரி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். அந்த வீட்டில் மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடப் பெண்பிள்ளைகள் வேண்டும். அதில் ஏறி நிற்கக் கூடாது. அதைச் சொல்லி எப்சிபா புலம்பி நான் கேட்டதில்லை.

நோயாளியின் சக்கர நாற்காலியை ஜுமைரா கடற்கரையில் தள்ளிக்கொண்டு போனபோது, ஒரு வெளிநாட்டுப் பெண் மெல்லிய மரப்பலகையில் அலையேறி வந்ததைப் பார்த்திருக்கிறாள். மற்றவர்களின் பலகைகளுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி ஃபின் இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. ஹவாய்த் தீவுக்காரர்கள் ஆதியிலிருந்து செய்கிற பலகை, பெயர் அலாயா என்று அந்தப் பெண் சொன்னாளாம். எப்சிபா அதைப் புரட்டிப் பார்த்து, சாணால் அளந்துகொண்டு வந்துவிட்டாள்.

கணவர் செல்வசிங் ராஸ் அல் கைமாவில் தச்சர். எடை குறைந்த மரமாகத் தேடிப் பிடித்து, துண்டுகளை ஒட்டி ஒரே பலகையாக்கிக் கொடுத்தார். மீதி வேலை அவளுடையது. இழைப்புளியால் இழைத்து விரல் கனத்துக்குக் கொண்டுவந்தாள். படுக்கையில் கிடப்பவரின் முதுகில் புண் வருகிறதா என்று தடவிப் பார்ப்பது போல, கண்ணை மூடி விளிம்பைத் தடவித்தான் மேடு பள்ளம் கண்டுபிடித்தாள். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசினாள்.

பலகை நன்றாக அமைந்தது. ஏறினால் வழுக்கிச் சுழன்றது. ஃபின் இருந்தால் வாலை நேராகப் பிடித்துக்கொள்ளும். இதில் பிடிக்க எதுவும் இல்லை. படுத்து வந்தாள், முட்டி போட்டும் வந்தாள். நிற்கத்தான் முடியவில்லை.

குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று அடித்தால்தான் அங்கே அலை. பிப்ரவரியில் அவள் ரியாத் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர வேண்டும். ரியாத்தில் கடல் கிடையாது. நிற்பதென்றால் அதற்குள் நிற்க வேண்டும்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தது. செல்வசிங் பலகையை வண்டியில் கொண்டுவந்தார். நான் முதலுதவிப் பையோடு போயிருந்தேன். எப்சிபா உறையைக் கழற்றிப் பலகையைத் திருப்பினாள். வாலுக்குப் பக்கத்தில் தேக்கில் செய்த ஃபின் ஒன்று, இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது.

"இது என்னது?"

"விழுந்துட்டே இருக்கியேன்னு வச்சேன்."

"எனக்கிட்ட கேட்டிருக்கலாம் இல்லியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

கை ஒடிந்தால் ரியாத்தில் யார் வேலை தருவார்கள் என்றார் செல்வசிங். நியாயமான பேச்சுதான், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவை நின்னுட்டுப் போயிரு எப்சி. அடியில என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாத்துட்டேன் இல்லியா. கழத்துங்க."

கழற்றினார். ஸ்க்ரூ துளைகளில் தண்ணீர் ஏறாமல் என் பையிலிருந்த வாட்டர்புரூஃப் பிளாஸ்டரை ஒட்டினேன்.

முதல் அலையில் விழுந்தாள். அடுத்ததிலும் விழுந்தாள். இடுப்பளவு தண்ணீரில் பலகையைத் திருப்பிப் பிடித்தாள். அதுவரை காலால் பலகையை நேராகப் பிடித்து வைக்கப் பார்த்ததுதான் தப்பு என்று அப்போதுதான் பட்டதாம். கனத்த நோயாளியைப் புரட்டும்போது கையால் இழுக்க மாட்டோம். நம் உடம்பின் பாரத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அவர் தானாகத் திரும்புவார். அடுத்த அலையில் எழுந்தவள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, அந்த விளிம்பை மட்டும் தண்ணீருக்குள் அமுக்கினாள். விளிம்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. பலகை சுழலாமல் அலையின் ஓரமாகவே ஓடியது. எப்சிபா அதன் மேல் நின்றாள். முட்டளவு தண்ணீர் வரும்வரை நின்றே வந்து, தானாக இறங்கினாள்.

நான் பயிற்சி கொடுத்த பெண்களில் டாக்டர்களே பாராட்டியவர்கள் உண்டு. அன்று பட்ட பெருமை எனக்கு அவர்களாலும் வந்ததில்லை.

செல்வசிங் பக்கத்தில் நின்ற பீச் காவலர் சாகிரின் தோளைத் தட்டினார். அது என் மனைவி, பலகையும் அவள் செய்தது என்று இந்தியில் சொன்னார். சாகிர் தலையாட்டினார். செல்வசிங்குக்கு அது போதவில்லை போலும். சாகிரின் கையைப் பிடித்து இழுத்து, "ஃபின் மாஃபி, பாய். கிடையவே கிடையாது" என்று அரபியும் தமிழும் கலந்து விளக்கினார்.

எப்சிபா இதையெல்லாம் கேட்கவில்லை. பலகையை இடுக்கிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தாள்.