ஹனீபா நானா செய்த கால்

போன கிழமை முழங்கால் வலிக்குக் காட்ட வவுனியாவுக்குப் போயிருந்தேன். எண்பத்தேழு வயதுக் கால், அதைக் குறை சொல்ல முடியாது. கதிரையில் இருத்தி, பேத்தி வயதுப் பிள்ளை ஒருத்தி உள்ளங்கை அளவு பெட்டியொன்றை என் முழங்காலைச் சுற்றி மெதுவாகக் காட்டினாள், கோயிலில் தீபம் காட்டுவது மாதிரி. அங்காலே கணினித் திரையில் என்னுடைய முழங்கால் தனியாக நின்று சுற்றியது.

“நாளையிண்டைக்கு வாங்கோ ஐயா, அச்சடிச்சு வைக்கிறம்.”

“என்ன பிள்ளை, முழங்காலையோ அச்சடிக்கிறியள்?”

சிரித்தாள். “முழங்காலுக்குப் போடுற பட்டை ஐயா. முந்தி எங்கேயோ ஒரு பக்டரியிலை பெரிசு, சின்னன் எண்டு செய்து அனுப்புவினம். ஆக்கள்தான் அதுக்கேத்த மாதிரி இருக்கோணும். இப்ப உலகமெல்லாம் மாறிவருது. ஆளைப் பாத்துத்தான் சாமான் செய்யிறது.”

வேறு யாரும் என்றால் வாயைப் பிளந்திருப்பார்கள். எனக்கு வந்தது எரிச்சல். அந்தப் பிள்ளைமேல் இல்லை. ஆளைப் பார்த்துச் சாமான் செய்கிற வேலையை அறுபது வருடத்துக்கு முதல், ஒரு முழச் சணல் கயிற்றை வைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு முன்னால் செய்துவிட்டுப் போன ஒரு மனிதர்மேல். அவர் மௌத்தாகியே பல வருடம். செத்தவர்மேல் இன்னமும் பொறாமைப்படுகிற ஆளை நீங்கள் பார்த்ததில்லையென்றால் என்னை வந்து பாருங்கள்.

அந்த அறையில் எதையோ ஒட்டுகிற பசையின் வாசம் வேறு. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப்போடுகிற சொலூசனின் அதே வாசம். பிறகென்ன, நான் முள்ளியவளைக்குப் போய்விட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துமூன்று வயது. முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு சிறிய அரசாங்க மருந்துச்சாலையில் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. வயிற்றுக்கு ரோஸ் நிறத் தண்ணீர், இருமலுக்கு மண்ணிறத் தண்ணீர். மேலே, நோயாளரைப் பார்த்து மருந்து எழுதுகிற அப்போதிக்கரி ஐயா இருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் யாரும் கேளாமலே வெள்ளைக் கோட் ஒன்று தைப்பித்துப் போட்டுக்கொண்டேன். குளத்துத் திட்டத்துக் காணிகளிலிருந்து வருகிற சனங்கள் கோட்டைக் கண்டு என்னையும் “டொக்குத்தர்” என்பார்கள். நான் திருத்தமாட்டேன். யார்தான் திருத்துவார்கள்?

அந்தக் காலத்தில் ஊசிக்குழாய் கண்ணாடி. ஸ்டவ்வில் அவித்து அவித்துப் பாவிப்போம். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தேய்க்க வேண்டும். ஒரே ஊசி முள்ளியவளையில் பாதிப்பேரின் கையைக் கண்டிருக்கும். ஆனால் கண்ணாடிக் குழாயில் ஏதோ கடல்கடந்த ஊரின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரைத் துடைத்துத் துடைத்து வைப்பேன். கப்பலில் வந்தது எதுவோ அதுதான் மருத்துவச் சாமான் என்பது என் எண்ணம்.

அப்படியிருக்கையில்தான் செல்லத்துரை அண்ணை மகளைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய மனிதர். மகள் சரசுவுக்கு ஏழு வயது. இளம்பிள்ளைவாதம் வந்து கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தாள். காய்ச்சல் போய்விட்டது, வலது காலையும் கொண்டு போய்விட்டது. தாய் பரமேஸ் அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைப்பா, தண்ணீர் அள்ளுவா. ஏழு வயதுப் பிள்ளை இடுப்பில் இருந்தால் கால் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

ஐயா பார்த்துவிட்டு, “கால்தாங்கி போட்டா நடப்பாள். அளவெடுத்து எழுதும்” என்று என்னிடம் சொன்னார். காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்து, தோல்வாரால் கட்டுகிற சாமான் அது. நான் தையற்காரனின் நாடாவை இரவல் வாங்கி அளந்தேன். படம் கீறினேன். ஆங்கிலத்தில் மூன்று பிரதி எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன்.

“பிள்ளையின்ரை கால் இனி உங்கடை கையிலைதான் தம்பி” என்றா பரமேஸ் அக்கா.

அந்த ஒரு வசனத்தில் ஐந்து மாதம் வாழ்ந்தேன் என்று சொன்னால் நம்புங்கள். ஐப்பசியில் அனுப்பியது. மாரி பெய்து முடிந்தது, தைப்பொங்கல் போனது, தாங்கி வரவில்லை. “வந்துகொண்டிருக்கு அக்கா” என்பேன். அவ முருங்கைக்காயும் தயிரும் தந்துவிட்டுப் போவா. மெய்யைச் சொல்லட்டா? அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மாசியில் ஒருநாள் காலமை, மருந்துச்சாலை வாசலில் டக், டக் என்று சத்தம். நிமிர்ந்தேன். சரசு நிற்கிறாள். இடுப்பில் இல்லை, நிலத்தில். ஒரு கை தகப்பனின் கையில்.

வலது காலில் சைக்கிள். வேறெப்படிச் சொல்ல? கரியர் கம்பி இரண்டு பக்கமும் ஓடுகிறது. தொடையில் பழைய சீற் தோல், உள்ளுக்குச் சேலைத்துணி வைத்துத் தைத்தது. அடியில் டயர் செருப்பு. முழங்காலடியில் ஒரு இரும்பு வளையம். நிற்கும்போது அதைக் கீழே தள்ளினால் கால் மடங்காது. இருக்கும்போது மேலே இழுத்தால் மடங்கும்.

“பாருங்கோ மாமா!” என்று வளையத்தை ஏற்றி இறக்கிக் காட்டினாள்.

“ஆர் செய்தது?” என்றேன்.

“ஹனீபா நானா” என்றார் செல்லத்துரை அண்ணை. “செயின் பூட்டப் போனனான். பிள்ளையைக் கண்டிட்டு, ஒருக்கால் சாக்கிலை கிடத்துங்கோ எண்டார். கயித்தாலை அளந்து முடிச்சுப் போட்டவர். ஒம்பதாம் நாள் முடிஞ்சுது.”

முஸ்லிம் ஆட்களில் மூத்தவர்களை நாங்கள் நானா என்போம்; ஹனீபா நானாவுக்குச் சந்தியில் சைக்கிள் கடை. நாற்பது வயதிருக்கும். கைநகம் எப்போதும் கறுப்பு. என்னுடைய சைக்கிளுக்கும் அவர்தான் ஒட்டுப்போடுவார்.

அதற்குள் ஐயா எழுந்து வந்து குனிந்துவிட்டார். கம்பி ஒரு குழாய்க்குள் செருகியிருந்ததைத் தொட்டு, “இது ஏன்?” என்று கேட்டார்.

“பிள்ளை வளரும்தானே ஐயா. வளர வளர, சைக்கிள் சீற்றை உயர்த்துற மாதிரி ஆணியைத் தளத்தி உயர்த்தலாமாம்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “செய்தவன் மூளைக்காரன்” என்றார்.

இரண்டு வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன். என்னைப் பார்த்து அவர் சொன்ன மிகப்பெரிய நல்ல வார்த்தை “சரி”.

சரசு பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். சந்தியில் ஹனீபா நானாவைச் “சைக்கிள் டொக்குத்தர்” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கால் ஒடிந்த கிழவர் ஊன்றுகோல் செய்விக்க அங்கே போனார். கை வளையாத ஒருவர் போனார். அந்த மாதங்களில் என் சைக்கிளுக்குக் காற்றுப் போனால் மூன்று கட்டை தூரம் உருட்டிக்கொண்டு போய் வேறு கடையில் ஒட்டுப்போடுவித்தேன். வெயிலில், வெள்ளைக் கோட்டோடு. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஆனி மாதம் பரமேஸ் அக்கா பிள்ளையோடு வந்தா. கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்பு, ஒரு சதக் காசு அளவு. தாங்கி உரஞ்சியது. கொஞ்சம் பஞ்சு வைத்துக் கட்டினால் நாலு நாளில் ஆறும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஐயா அன்று லீவில்.

நான் பஞ்சுப் போத்தலை மூடினேன். பிறகு, “இது இரும்புக் கறள் அக்கா. கறள் ஏறினா ஏற்புவலி வரும், உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சிடும். கொழும்புச் சாமான் வரும்வரைக்கும் இதைப் போடவேண்டாம்” என்றேன்.

“ஐயோ தம்பி, உயிருக்கு ஆபத்தோ?”

“வரலாம்” என்றேன்.

கம்பி முழுக்கத் தோல் சுற்றியிருந்தது. கறளே இல்லை, துருவின் அடையாளமே இல்லை. அவ அங்கேயே கழற்றினா. சரசு வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுபடி இடுப்பு, மறுபடி தொங்குகிற கால்.

இரண்டு நாள் கழித்து ஹனீபா நானா மருந்துச்சாலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மருந்து கொடுக்கிற யன்னலடியில் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார்.

“தம்பி, என்ன பிழை எண்டு சொன்னா திருத்தித் தாறன்.”

“இது மருத்துவம் நானா. சைக்கிள் இல்லை.”

“ஓம், அதுவும் சரிதான்” என்றுவிட்டுப் போனார். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆவணியில் கொழும்புச் சாமான் வந்தது. வைக்கோல் அடைத்த மரப்பெட்டி, மினுங்குகிற கம்பி, புதுத் தோல் வாசம். நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு செல்லத்துரை அண்ணை வீட்டுக்குப் போனேன். அயலெல்லாம் கூடிவிட்டது. நான் நிலத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு வாராகப் பூட்டினேன்.

பொருந்தவில்லை. முழங்காலுக்கு நேரே நிற்கவேண்டிய பூட்டு இரண்டு விரற்கடை கீழே நின்றது. வாரைத் தளர்த்தினேன், இறுக்கினேன். என் அளவு பிழையில்லை. ஆனால் அது போன ஐப்பசியில் இருந்த சரசுவின் அளவு. பாரம் வேறு. அவள் காலைத் தூக்கப் பார்த்தாள், அசையவில்லை.

“மாமா, இது வேறை ஆரோ பிள்ளைக்குச் செய்தது” என்றாள்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்றை அப்போதுதான் என் கை கண்டது. முழங்கால் நீட்டுப்படவில்லை. இரண்டு மாதம் இடுப்பில் மடங்கிக் கிடந்து நரம்பு இறுகத் தொடங்கியிருந்தது. மெதுவாக அழுத்தினேன். அவள் வீரிட்டாள்.

குசினி வாசலில் பழைய சாக்குக்குப் பக்கத்தில் ஹனீபா நானாவின் தாங்கி கொழுவியிருந்தது. ஒரு பொட்டுக் கறள் இல்லை. எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்:

“அக்கா, அதிலை கறள் இல்லை. அண்டைக்கு நான் சொன்னது பொய்.”

பரமேஸ் அக்கா என்னை ஏசவில்லை. கிட்ட வந்து, “பிள்ளையைத் தாங்கோ” என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. செல்லத்துரை அண்ணைதான் கேட்டார்: “ஏன் தம்பி?”

குசினி வாசலில் கொழுவியிருந்ததைக் கழற்றினேன்.

இரண்டு தாங்கியையும் எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். ஹனீபா நானா ஒரு சில்லைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை சில்லைக் கையால் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். பிறகு கொழும்புத் தாங்கியை வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

“இஞ்ச பாருங்க தம்பி, என்ன வடிவான பூட்டு! நான் எத்தினை நாள் மண்டையை உடைச்சனான். இவங்க எப்பிடிச் செய்திருக்கிறாங்க எண்டு பாருங்க!”

அவருக்குப் பொறாமை என்பதே இல்லை. அதைக் கண்டபோதுதான் எனக்குப் பொறாமை உச்சத்துக்கு ஏறியது. மன்னித்தாரா என்றுகூடத் தெரியாது. அவர் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டார்.

அதைக் கழற்றித் தன் கம்பியில் பொருத்தினார். கொழும்புத் தோலையும் எடுத்துக்கொண்டார். உரஞ்சிய இடத்தில் நான் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். “முழங்காலை நீட்டுற வேலை என்ட கையால ஆகாது. அது நீங்கதான் பாக்கோணும்” என்றார்.

இரண்டரை மாதம் தினமும் பின்னேரம் போனேன். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய், பிறகு ஒரு மயிரிழை, இன்னுமொரு மயிரிழை என்று நீட்டுவது. முதல் கிழமை முழுக்கப் பரமேஸ் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, பிள்ளையின் தலைமாட்டில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பா. கார்த்திகையில் சரசு மறுபடி எழுந்து நின்றாள். கால் நீண்டது, ஆனால் முழுக்க இல்லை. ஒரு சின்ன மடிப்பு நின்றுவிட்டது. அது நான் வைத்த மடிப்பு.

அவள் வீதியால் போகும்போது, “ஹனீபா நானா நடக்கவைச்ச பிள்ளை” என்பார்கள். சரியான பேச்சுத்தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஒருவராவது “அவரும் இவரும்” என்று சொல்லக்கூடாதா என்று இருக்கும். அவள் வளர வளர நானா ஆணியைத் தளர்த்தி உயர்த்தினார். இரண்டாம் தரம் உயர்த்தியபோது நான் அங்கே நின்றேன். மூன்றாம் தரத்துக்கு முதல் எனக்கு வேலையில் இடமாற்றம் வந்து, வேறு ஊர், கலியாணம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டது.

பிறகு நடந்தவை உங்களுக்கும் தெரியும். சண்டைக் காலத்தில், தொண்ணூறில், ஆயுதக்காரர் போகச் சொல்லி, முஸ்லிம் சனங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கைவிட்டுப் போகவேண்டி வந்தது. ஹனீபா நானா புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் மௌத்தானார் என்று வெகு காலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். சண்டை முடிந்து சில வருடத்தில் ஒருமுறை முல்லைத்தீவுப் பக்கம் போனபோது, திரும்பி வந்திருந்த அவருடைய இளைய மகனைத் தேடிப் போனேன். அவனுக்கே தலை நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்தான்.

“நீங்களா! அந்தப் பிள்ளைக்குக் கால் செய்து குடுத்தவர்? வாப்பா கடைசி மட்டும் சொல்லுவார். மருந்துச்சாலைத் தம்பிதான் செய்தவர், நான் கம்பி வளைச்சுக் குடுத்தனான் எண்டு.”

“இல்லைத் தம்பி. செய்தது உங்கட வாப்பா. நான் அதைக் கெடுத்தனான்.”

அவன் சிரித்தான். பெரிய மனிதர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டான். இன்னொரு தரம் சொன்னேன். “தேத்தண்ணி குடியுங்க” என்றான்.

சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவேன்? ஐயா இல்லை. செல்லத்துரை அண்ணையும் பரமேஸ் அக்காவும் இல்லை. சரசு கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டவள், பிறகு அவளைக் கண்டவர்கள் இல்லை. மருந்துச்சாலை இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. சண்டை முடிந்த கையோடு பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து, வீட்டு வளவுகளில் கிடந்த சைக்கிள், வாளி, கட்டில் எல்லாவற்றையும் லொறி லொறியாக ஏற்றிக்கொண்டு தெற்கே போனார்களாம். அதற்குள் ஒரு சின்னக் கால்தாங்கி கிடந்திருந்தால், அது எதற்கு என்று கேட்க அங்கே ஒரு சனமும் இருந்திராது.