பாட்டில் பார்த்தாச்சா?

போன வாரம் படப்பைப் பக்கம் உறவுக்காரர் நிலத்துக்குப் போயிருந்தேன். பிளாட் போடாமல் மிச்சம் இருக்கிற ரெண்டு ஏக்கர் நெல்லுக்கு டிரோனில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது ஒரு பெண். என் வாய்தான் சும்மா இருக்காதே! "நடுவுல நின்னுபோய் விழுந்துட்டா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன். "விழுந்தா மிஷின்தான் போகும் அங்கிள். உள்ள யாரு இருக்கா?" என்று சிரித்தாள். அதற்குள் மருந்து வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

எங்கள் காலத்தில் உள்ளே ஆள் இருந்தார். வயலுக்கு மருந்து தெளிக்கிற குட்டி விமானம். ஒரே எஞ்சின், ஒரே சீட். நம்பமாட்டீர்கள், அதே படப்பைக்கு அந்தாண்டை செம்மண் தரையைச் சமன்படுத்தி ஓடுபாதை போட்டிருந்தோம். நான் மெக்கானிக். "ஏரோப்ளேன் கம்பெனி" என்று சேலையூர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பாதி நாள் பெட்ரோல் பேரல் உருட்டியதை யாரிடமும் சொன்னதில்லை.

விமானம் ஓட்டுகிறவரைக் கேப்டன் என்போம். பயிரைத் தொடுகிற மாதிரி பறப்பார். அந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் யோசிக்கக்கூட நேரம் கிடையாது. அதனால் பெட்ரோல் நிரப்பியதும் டாங்க் அடியில் உள்ள குழாயைத் திறந்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். கேப்டன் ஏறும்முன் "பாட்டில் பாத்தியா?" என்பார். "பாத்தாச்சு கேப்டன்" என்பேன். அதோடு சரி, ஏறிவிடுவார்.

அன்றைக்கு எனக்கு நிச்சயதார்த்தம். பதினோரு மணிக்குள் சேலையூரில் பெண் வீட்டில் இருக்க வேண்டும். முந்தின நாள் நல்ல மழை. பேரலைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தேன். மூடிமேல் தேங்கின தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மாப்பிள்ளை கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவசரத்தில் பாட்டிலையும் விட்டுவிட்டேன்.

"பாட்டில் பாத்தியா?"

"பாத்தாச்சு கேப்டன்." வாய் கூசாமல் சொன்னேன்.

தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. ஐயோ, அந்த அமைதியை என்னவென்று சொல்வது! கேப்டன் மருந்து மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினார். பாரம் குறைந்த விமானம் தென்னைகளைத் தாண்டி, சேற்று வயலில் இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. எனக்கு முன்னே ஓடிய வயல்காரர் கத்தினார்: "உசுரு கீதுப்பா! சீக்கிரம் வா!"

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார் கேப்டன். வலது கை முறிந்திருந்தது. வெளியே இழுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பாட்டில் பாக்கல கேப்டன். பொய் சொன்னேன்."

"தெரியும்டா. தண்ணி குடிச்ச எஞ்சின் எப்படி இருமும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதை அப்படியே ஆபீஸுக்கு எழுதிக் குடு. இன்னிக்கு உனக்கு நிச்சயதார்த்தம் இல்ல? கிளம்பு."

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பெண் வீட்டுக்குப் போனபோது மணி மூன்று. பூச்சிமருந்து நாத்தத்தோடு வந்து நின்ற மாப்பிள்ளை என்று என் மனைவி இன்றைக்கும் மானத்தை வாங்குகிறாள்.

எழுதிக் கொடுத்தேன். ரெண்டு மாசம் வீட்டில் உட்கார வைத்தார்கள். கைக்கட்டு பிரித்துத் திரும்பி வந்த கேப்டன், பெட்ரோல் நிரப்ப நான்தான் வேண்டும் என்று ஆபீஸில் ஒற்றைக்காலில் நின்றாராம். முதல் நாள் நானே பெட்ரோல் நிரப்பினேன். மூன்று தரம் பிடித்துப் பார்த்தேன்.

"பாட்டில் பாத்தியா?"

என் சொல்லுக்கு இனி என்ன மதிப்பு? பாட்டிலை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "காட்டச் சொல்லலியே. பாத்தியான்னுதானே கேட்டேன்?" என்றார்.

"பாத்தாச்சு கேப்டன்."

ஏறிப் போய்விட்டார்.

அந்த ஓடுபாதை மேல் இப்போது வரிசையாக வில்லாக்கள். கம்பெனி இல்லை, கேப்டனும் இல்லை. உள்ளே ஆள் இல்லாத மிஷின் வந்ததற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். விழுந்தால் எந்த வீட்டிலும் அழுகை இல்லை. ஆனால் தன்னை ஒருமுறை சாகடிக்க இருந்த வாயிலிருந்து வந்த அதே சொல்லை நம்பி, உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறிப் போவதற்கு இப்போது யாரும் இல்லை.