அக்கா கலைத்து வைத்த எழுத்துகள்

எங்கள் அக்கா பனவடலிசத்திரத்தில் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில்தான் என்னை வளர்த்தார்கள். அத்தானும் கல்யாணமான சில ஆண்டுகளிலேயே தவறிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஆனாலும் எங்கள் சங்கரன்கோவில் வீட்டில் சிரிப்புக்கு மட்டும் குறைவே வந்ததில்லை. அதற்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பின்பக்கம் அட்டைக்கு ஓர் எழுத்தாக எழுதி, அக்கா அந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு சொல்லின் எழுத்துகளை எடுத்துக் கலைத்துச் சுளகில் பரப்புவார்கள். கண்டுபிடித்தால்தான் தோசை. ஆபீஸ் பழக்கத்தில் எல்லாவற்றையும் சுருக்கவும் செய்வார்கள். முருங்கைக்காய் சாம்பார் ‘மு.சா.’ ஆயிற்று. நான் ‘சோ.த.’, அதாவது சோம்பேறித் தம்பி. அரசாங்க முத்திரை குத்தாததுதான் பாக்கி.

எனக்குப் பெண் பார்க்கக் கரிவலம்வந்தநல்லூர் போனபோதும் டப்பா கூடவே வந்தது. பாடத் தெரியுமா என்று கேட்காமல், பெண்ணின் முன்னால் நான்கு அட்டைகளை வைத்தார்கள்: கை, லி, ம, ல். எனக்கு மானம் போயிற்று. பெண்ணோ ஒரே பார்வையில் ‘மல்லிகை’ என்று அடுக்கிவிட்டு, டப்பாவை வாங்கி, “இப்ப நீங்க இதைச் சொல்லுங்க மதினி” என்று பதிலுக்கு ஒன்றைக் கலைத்து வைத்தாள். அவள்தான் என் மனைவி.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. இடது கை மட்டும் அசைந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு அக்காவை நாங்கள் குடியிருந்த கோயம்புத்தூருக்கு அழைத்துப்போக நான் வாடகைக் காரோடு வந்தேன். கட்டிலருகே நின்றுகொண்டே மனைவியிடம், “அக்காவுக்கு ஒண்ணும் புரியல. வர சம்மதமான்னு கேட்டு என்ன ஆவப்போவுது?” என்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அக்கா டப்பாவைக் கை காட்டினார்கள். என் மனைவி அட்டைகளைச் சுளகில் கொட்டிக் கொடுத்தாள். மெதுவாகத் தேடி ஆறு அட்டைகளை வரிசையாக வைத்தார்கள்: டே, ன், ர, மா, ட், வ.

“எழுத்தே மறந்துபோச்சே!” என்று நான் அழுதுவிட்டேன்.

“ஏன் அழுதிய? மதினி கலைச்சுல்லா வச்சிருக்காவ! ஒரு எழுத்துகூட விடல, பாருங்க” என்று என் மனைவி அட்டைகளை மாற்றி அடுக்கினாள்.

வரமாட்டேன்.

அக்கா கோணிய வாயால் சிரித்தார்கள். கார் காலியாகத் திரும்பியது. நாங்கள்தான் இங்கே வந்து சேர்ந்தோம். அதன் பிறகு மூன்று ஆண்டுகள், சுளகின் முன்னால் உட்காரவைத்து எங்களைப் படாத பாடு படுத்தினார்கள்.

தினமும் வந்து பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், குறைந்த எழுத்துகளுக்குத் தம் வீட்டுப் பத்திரிகைகளை வெட்டத் தந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், அக்காவின் ஆபீஸ் நண்பர்களுக்கும், துக்கத்தில் கூட நின்ற சொந்தபந்தங்கள் அனைவருக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசி நாள் காலையில் அக்கா வைத்தவை ஐந்து அட்டைகள். நான் வழக்கம்போல அவற்றை மாற்றி மாற்றி வைத்து விழித்தேன். “சும்மா இருங்க. மதினி நேராத்தான் வச்சிருந்தாவ” என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பழையபடி அடுக்கினாள். நல்லாயிரு. அக்கா எனக்குக் கலைக்காமல் வைத்த ஒரே சொல் அதுதான். அதையே உங்களுக்கும் அப்படியே தருகிறோம்: நல்லாயிருங்க.