பாட்டிலுக்குள் ஒரு குமிழி

காத்தாடி விமானம் ஏறியது ஒரு சனிக்கிழமை. வழியனுப்ப வகுப்பே திரண்டு போயிருந்தது, சொட்டு மட்டும் போகவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அன்று காலை ஷிஃப்ட். அந்த ஷிஃப்டை அவளே கெஞ்சிக் கேட்டு வாங்கியது வேறு யாருக்கும் தெரியாது.

பட்டப்பெயர்கள் இரண்டும் சுற்றுச்சூழல் அறிவியல் வகுப்பில் ஒட்டிக்கொண்டவை. ஓரிடத்தில் நிற்காதவள் காத்தாடி. கண்ணாடிக் குழாயிலிருந்து ரசாயனம் விடும்போது, நிறம் மாறுகிற அந்தக் கடைசித் துளியில் கையை நிறுத்தத் தெரிந்தவள் சொட்டு. மூன்று வருடமும் இருவருக்கும் ஒரே மேசைதான். சொட்டு அளப்பாள், காத்தாடி எழுதுவாள். படிப்பு முடிந்ததும் வெளிநாட்டு ஏரி ஆய்வு ஒன்றுக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். இருந்தது ஒரே இடம். நேர்முகத்தில் காத்தாடி கலகலவென்று பேசிவிட்டு வந்தாள். சொட்டுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மற்றவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். ஒருவன் காப்பீடு விற்றான், ஒருத்தி வங்கியில் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சுக்காரன் தொழிற்சாலைகளுக்குப் புகை அறிக்கை தயாரித்துக் கொடுத்து, வகுப்பிலேயே முதலில் கார் வாங்கினான். அத்தனை பேரையும் கட்டிவைத்திருந்தது ஒரு வாட்ஸப் குழு. அதைத் தொடங்கியவள் சொட்டு. வேலை அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, துறையின் பழைய மாணவர் கூட்டம் என்று எல்லாவற்றையும் விடாமல் போட்டுவந்தவளும் அவள்தான்.

அந்தக் குழுவில்தான் காத்தாடியின் படங்கள் வந்து இறங்கின. படகில் காத்தாடி, ஆரஞ்சு நிற மிதவை அங்கியில் காத்தாடி, பின்னால் கண்ணாடி மாதிரி ஏரி. கீழே இதயங்கள் குவியும். சொட்டும் ஒரு இதயம் போடுவாள். போட்டுவிட்டு, தொட்டியில் நுரைத்துக் கிடக்கும் சாக்கடைத் தண்ணீரை மொண்டெடுக்கப் போவாள். வயிறு எரியும்.

"என்னடி, மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது? மறுபடியும் படம் போட்டுட்டாளா?" என்பாள் அக்கா.

"போட்டா எனக்கென்ன?"

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு அதையே பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கற? ஃபோன்ல ஓட்டை விழுந்துடப் போகுது."

அக்கா சொன்னதில் பொய்யில்லை. ஒவ்வொரு படத்தையும் விரலால் விரித்து, மூலை முடுக்கெல்லாம் துழாவுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அது கிடைத்தது.

காத்தாடி ஒரு சின்னப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க மாதிரி எடுக்கும் பாட்டில் அது. வழிய வழிய நிரப்பி மூட வேண்டும், உள்ளே காற்று நிற்கவே கூடாது. நின்றால் அந்தக் காற்றும் தண்ணீரில் கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். முதல் வருடப் பாடம். காத்தாடியின் பாட்டிலில், மூடிக்குக் கீழே, பட்டாணி அளவு குமிழி ஒன்று மினுங்கியது.

சொட்டுக்குச் சர்க்கரை தின்றதுபோல் இருந்தது. தனியாக அனுப்பலாமே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் விரல் குழுவிலேயே தட்டியது: "ஏரி அழகு. பாட்டில்ல குமிழி அதைவிட அழகு."

சிரிப்பு பொம்மைகள் கொட்டின.

"காத்தாடி, முதல் வருஷ மார்க்கைத் திருப்பிக் குடு!" என்றாள் வங்கிக்காரி.

"ஏரிக்கே மூச்சுத்திணறல், பாவம் காத்து ஊதி விட்டிருக்கா" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

காத்தாடியும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டாள். மறுநாள் குழுவிலிருந்து வெளியேறினாள்.

சொட்டு முதலில் உதட்டைப் பிதுக்கினாள். உண்மையைச் சொன்னால் இவ்வளவு ரோஷமா? ஆனால் படங்கள் நின்றதும் குழு வெறிச்சோடியது. பொறாமைப்படக்கூட ஆளில்லாத வெறுமை எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. சம்பளம் குறைவு, மேலதிகாரி கடுகடு, மூக்கில் நாற்றம் என்று அவள் புலம்பியதையெல்லாம் கடல் கடந்தும் கேட்டவள் காத்தாடி ஒருத்திதான். பழைய மாணவர் கூட்டத்தில் காப்பீட்டுக்காரன் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "அவளைத் துரத்திட்டியே, இப்ப நிம்மதியா?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லியிருந்தா அவ சண்டையாவது போட்டிருப்பா."

அதற்குப் பிறகு பலமுறை காத்தாடிக்குத் தனியாக எழுத உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கோ" என்று தட்டுவாள், உடனே அந்த ஆரஞ்சு அங்கி கண்ணில் வந்து நிற்கும், அழித்துவிடுவாள். இப்படியே ஆய்வுக்கூடத்தில் அவள் மூத்தவளாகிவிட்டாள். புதிதாக வந்தவர்களுக்குப் பாட்டில் நிரப்பக் கற்றுக்கொடுக்கும்போது மட்டும் அவள் குரல் காரணமில்லாமல் இறங்கிவிடும்.

அக்காவுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம், கையுறையைக் கழற்றும்போது ஃபோன் அதிர்ந்தது.

"அந்தப் படம் போட்ட வாரம் எடுத்த பாட்டில் எல்லாமே அப்படித்தாண்டி இருந்துச்சு. நான் போய் ஒத்துக்கிட்டு, எல்லாத்தையும் திரும்ப எடுத்தோம். நீ சொன்னது சரி, சொன்ன இடம்தான் சரியில்ல. இப்ப முதல் தடவையா என் பேர்ல ஒரு அறிக்கை வரப்போகுது. அனுப்பறேன், வெளியிடறதுக்கு முன்னாடி பாரு. தப்பு இருந்தா, இந்தத் தடவை எனக்கு மட்டும் சொல்லு."