இடது பக்கத்து ஸ்பீக்கர்

அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் நல்லதை மட்டும்தான் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அண்ணன் மலாக்கா மாநிலத்து லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். ரப்பர் ஆலை இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த உருளை தளர்ந்திருக்கிறது என்று சின்ன வயதிலேயே சொன்னவர் அவர். படிப்பு பாதியில் நின்றது. மலாக்கா டவுனில் வயர்மேன் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்று, கோலாலம்பூர் மாத இதழ் ஒன்றில் விலை உயர்ந்த ஆடியோ செட்டுகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் நல்ல வார்த்தை எழுதினால்தான் கடைக்காரர்கள் சரக்கு இறக்குவார்கள். புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் சிங்கப்பூர்க் கார்கள் நிற்கும். ஒரு செட்டையும் அவர் இலவசமாக வைத்துக்கொண்டதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டவள் நான். அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கம் ஓசை மங்கலாகக் கேட்டால், முதலில் இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்துக் கேட்க வேண்டும். மங்கலும் கூடவே இடம் மாறினால் பழுது ஸ்பீக்கரில். மாறாவிட்டால் பழுது வேறெங்கோ. வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் படித்துப் படித்துச் சொல்வார்.

தஞ்சோங் கிளிங்கில் சேகர் என்ற நம் தமிழ்ப் பிள்ளை சொந்தமாக ஸ்பீக்கர் செய்யும் பட்டறை வைத்திருந்தார். தான் செய்த ஜோடியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் வைத்தார். அன்று அண்ணன் இடம் மாற்றிப் பார்க்கவில்லை. உள்ளூர்ச் சரக்குதானே என்ற இளக்காரம். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

"எடது பக்கம் மந்தமா இருக்குதும்மா," என்றார் என்னிடம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது, அண்ணே."

"ஒனக்கு என்னா தெரியும்? போயி வேலையப் பாரு லா."

இதழில் அண்ணன் எழுதிய நாலு வரியில் சேகரின் பட்டறை மூடியது. அவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்க்கும் வேலைக்குப் போனார்.

சில மாதங்களில் அண்ணனின் சொந்த ஸ்பீக்கரும் இடது பக்கம் மங்கியது. என்னைக் கூப்பிட்டார். இருவருமாக இடம் மாற்றி வைத்தோம். மங்கல் இடது பக்கத்திலேயே இருந்தது. வயரை மாற்றினார், ஆம்பிளிஃபயரை மாற்றினார். கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மங்கல் அவரோடு சேர்ந்து திரும்பியது; இப்போதும் அவருடைய இடது காதுப் பக்கம்தான்.

"அந்தப் பையனுக்கு அநியாயம் பண்ணிட்டேன்மா," என்றார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். சேகர் உட்காரச் சொல்லவில்லை. "என்கிட்ட சொல்லி என்னா சார் பிரயோசனம்? புக்குல போட்டீங்க, புக்குலயே மாத்திப் போடுங்க," என்றாராம்.

அண்ணன் திருத்தம் எழுதி அனுப்பினார். இதழின் ஆசிரியர் தொலைபேசியில் சிரித்தார். "ஒங்க காது போனது யாருக்கு சார் தெரியும்? எப்பவும்போல எழுதுங்க லா." திருத்தம் வராமல் வேறொன்றும் எழுத மாட்டேன் என்று அண்ணன் மறுத்தார். மறுபடியும் மறுபடியும் அனுப்பினார். வரவே இல்லை. அவர் எழுத்து நின்றது, வாசலில் கார்களும் நின்றன. காதுக்குள் வளர்ந்த கட்டி அவரைப் படுக்கையில் தள்ளியபோது, தங்கக் காது என்று புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாவுக்கு வந்த கடைக்காரர் ஒருவர், சவப்பெட்டி வீட்டில் இருக்கும்போதே, "அக்கா, அந்த ஆம்பிளிஃபயர விக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க," என்றார். அவருக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன்.

சேகர் சாவுக்கு வரவில்லை. அதில் தப்பே இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர்தான். தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக்குக்கும், முறை வைத்து ஆஸ்பத்திரியில் உடனிருந்த தோட்டத்துச் சொந்தங்களுக்கும் கைகூப்புகிறேன். முதல் பிரதியைச் சேகருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்; நானே தஞ்சோங் கிளிங்குக்குக் கொண்டுபோகிறேன். அண்ணன் எழுதி யாரும் அச்சிடாத திருத்தம் இதோ, அவர் எழுதியபடியே:

"சேகர் செய்த ஸ்பீக்கர்களில் எந்தக் குறையும் இல்லை. குறை என் இடது காதில் இருந்தது. நான் இடம் மாற்றிக் கேட்கவில்லை."