தலையணைக்கடியில் மூன்று நாள்

தி.நகர் ரத்தினக் கல் கடை ஒன்றுக்கு இத்தாலியன் கேட்லாக்கை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தேன். 'ருபினோ பலாஷோ' என்று ஒரு கல். ரூபிதானே, இதுக்கெல்லாம் டிக்‌ஷனரியா என்று வேகமாகத் தட்டிவிட்டேன். கடைக்காரரும் மாணிக்கம் என்றே சீட்டு ஒட்டினார். அது அதேபோலச் சிவப்பாக இருக்கும் ஸ்பினல் என்ற வேறு கல் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கடைக்கு ஓடினேன்.

அங்கே ஒரு அக்கா நின்றிருந்தார். ஜோசியர் சொன்னபடி அந்தக் கல்லை மூன்று நாள் சோதனைக்கு வாங்கிப்போய், அடையாறு ஆஸ்பத்திரியில் சாப்பாடே இறங்காமல் கிடக்கும் கணவரின் தலையணைக்கடியில் வைத்திருந்தாராம்.

"நேத்து ரெண்டு இட்லி துன்னாரு நைனா! மோதிரமா பண்ணிக் குடு," என்று கடைக்காரரிடம் சிரித்தார்.

"அக்கா, அது மாணிக்கம் இல்லக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கல்லை மூடியிருந்த அவர் விரல்கள் திறக்கவில்லை.

"அப்போ அந்த இட்லி?" என்று என்னைக் கேட்டார்.