பத்துப் பவுண்டுக்கு எம்புட்டுத் தண்ணி

ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அபுதாஹிர் பிஸ்மில்லா சொல்லாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். தொண்ணூற்று நாலில் பஞ்சு வியாபாரி வைகுண்டராஜின் பெட்ரோல் காருக்கு அவர் ஒரு டர்போ மாட்டிக் கொடுத்தார். புகை போகிற வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான் அது. ஆறு பவுண்டு அழுத்தத்தில் கார் நன்றாகத்தான் ஓடியது. வைகுண்டராஜ் பத்து கேட்டார். ஏற்றியதும் உள்ளே சரளைக்கல் குலுங்கினாற்போல் தட்டி, ஒரு பிஸ்டன் உருகிப்போனது.

"இன்னொன்னு போச்சுன்னா டர்போவைக் கழட்டி எடைக்குப் போட்டுருவேன் பாய்" என்றார் வைகுண்டராஜ்.

அபுதாஹிர் புதுப் பிஸ்டன் மாட்டினார்; டர்போவைக் கழற்ற மனசு வரவில்லை. ஆசைப்பட்டுச் செய்த வேலை அது.

காற்றோடு தண்ணீரைத் தூவினால் சூடு தணியும், தட்டாது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு தூவுவது? ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணபிரானைக் கூப்பிட்டார். மாமன் மாப்பிள்ளை என்று பழகிய சிநேகிதர், நூல் மில்லில் இழை அறாமலிருக்க ஈரம் தூவும் பிளான்ட்டைப் பார்ப்பவர். நெற்றித் திருமண்ணோடு வந்தவர் தண்ணீர் தூவும் மில் நாசிலை டர்போ காற்றை உறிஞ்சும் வாயில் மாட்டி, உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். மில்லில் கை நனைந்தால்தான் அளவு சரி.

"கை நல்லா நனையுது மாப்ள. ஜம்முன்னு ஓடும்."

கார் தெருமுக்கைத் தாண்டவில்லை. இருமி இருமி நின்றது. தீப்பொறி போடுகிற பிளக்கெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"என்ஜினுக்குச் சளி பிடிக்க வச்சிட்டீரே மாமா."

"நூலுன்னா இதுக்கு எம்புட்டு சந்தோசப்படும் தெரியுமா?"

"நூலு இல்ல மாமா, நெருப்பு. செத்த நேரம் சும்மா இரும்."

மில் நாள் முழுக்க ஒரே சீராக ஓடும், என்ஜின் அப்படியில்லை என்பது அபுதாஹிருக்கு அப்போதுதான் உறைத்தது. டர்போவின் அழுத்தத்தையே தண்ணீர் டப்பாவுக்குக் குழாய் வைத்துக் கொடுத்தார். அழுத்தம் ஏறினால்தான் இனித் தண்ணீர் வரும். பழைய ஆறு பவுண்டில் காரை அழுத்தி ஓட்டி, நிமிஷத்துக்குப் பெட்ரோல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். பத்துக்கு ஆகிற கூடுதலைச் சேர்த்து, அதில் கால் பங்குதான் தண்ணீர் என்று வைத்துக்கொண்டார். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரில் பத்துப் பவுண்டு வைத்து, ஒரு நிமிஷத்தில் அந்த அளவு பாட்டிலில் விழும்வரை கண்ணபிரான் சின்னச் சின்ன நாசிலாக மாற்றிக்கொண்டே இருந்தார். தன் கையை அவர் நீட்டவே இல்லை.

செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது வைகுண்டராஜ் மிதித்தார். அழுத்த மீட்டரின் முள் பத்தில் நின்றது. அபுதாஹிர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டர்போவின் விசில் மட்டும்தான் கேட்டது.

மேலே போய் நிறுத்தி, வைகுண்டராஜ் மீசையைத் தடவினார்.

"பன்னெண்டு வைக்கலாமா பாய்?"

"அதுக்கு வேற நாசில் வேணும் மொதலாளி" என்றார் அபுதாஹிர், முகமெல்லாம் சிரிப்பாக.